பாண்டி பஜார் மாதிரி இன்னொரு தெரு: எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

#1 மாம்பலத்துக்காரி

தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது. பாண்டி பஜாரைச் செய்தது போல எங்கள் கடைத்தெருவையும் செய்யுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். பாண்டி பஜாரைப் பார்த்த பிறகுமா என்று கொதிக்கிறார்கள் இன்னொரு சாரார். அங்கே நாலு வரி எழுதுவதற்குள் குட்மார்னிங் படங்கள் வந்து மூடிவிடுகின்றன. நிதானமாகப் பேசலாம் என்று இங்கே இழை தொடங்குகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக: பாண்டி பஜார் என்பது தியாகராய சாலை. பனகல் பார்க்கிலிருந்து தணிகாசலம் சாலை சந்திப்பு வரை ஏறக்குறைய 700 மீட்டருக்கு, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் நடைபாதையை அகலப்படுத்தி 2019 நவம்பரில் திறந்தார்கள். வண்டிகளை முழுக்கத் தடுக்கவில்லை. ரோட்டைக் குறுக்கி, கிடைத்த இடத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

என் கருத்து: நடைபாதை நன்றாகவே இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். வயதானவர்கள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன, தள்ளுவண்டிக் குழந்தையோடு தாய்மார்கள் வருகிறார்கள். இவர்கள் யாரும் முன்பு அந்த ரோட்டில் நிற்கவே முடியாது.

சரியில்லாதவை இரண்டு. ஒன்று, ரோட்டோரம் நின்ற வண்டிகள் காணாமல் போகவில்லை. எங்களைப் போன்ற பக்கத் தெருக்களுக்கு வந்துவிட்டன. வீட்டு கேட்டை மறித்து கார் நிற்கிறது, ஓட்டி வந்தவர் எங்கேயோ புடவை பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது? இரண்டாவது, 700 மீட்டர் முடிந்த இடத்தில் நடைபாதையும் முடிகிறது. அதற்கப்புறம் பழையபடி ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

ஆனாலும் அந்தத் திட்டத்தின் அடிப்படை சரி என்றே நினைக்கிறேன். நம் ஊரில் ரோடு போடும்போது நடுவிலிருந்து வெளியே அளக்கிறார்கள். முதலில் வண்டிக்கு, பிறகு வடிகாலுக்கு, கடைசியில் மிஞ்சினால் நடப்பவருக்கு. இதைத் திருப்பிப் போட்டுச் சுவரிலிருந்து உள்ளே அளக்க வேண்டும். நடப்பவருக்கும், மரத்துக்கும், கடைபோட்டவருக்கும் வேண்டியதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது வண்டிக்கு. 2008இல் சென்னைக்கு எடுத்த போக்குவரத்து ஆய்வில், நகரத்தின் பயணங்களில் நடை சுமார் 28 சதவீதம், சைக்கிள் 6, கார் 6 என்று வந்தது. இதில் யாருக்கு எவ்வளவு ரோடு கொடுத்திருக்கிறோம் என்று தெருவில் இறங்கிப் பார்த்தாலே தெரியும்.

எல்லாத் தரப்பும் பேசுங்கள். கடைக்காரர்கள் கட்டாயம் பேச வேண்டும்.

#2 ஜவுளிக்கடை

மேடம், கூப்பிட்டதால் வந்தேன். பாண்டி பஜாரில் அல்ல, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் கடை. அப்பா காலத்துக் கடை.

நடைபாதை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று யோசியுங்கள். வேலூரிலிருந்து, திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பமே வேனில் வரும். பாட்டி இருப்பார், கைக்குழந்தை இருக்கும், திரும்பும்போது பன்னிரண்டு பை இருக்கும். அவர்களைத் தெரு முனையில் இறக்கிவிட்டு நடந்து வாருங்கள் என்றால், அடுத்த முறை பார்க்கிங் உள்ள பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். பெரிய கடைகளுக்குச் சொந்த பேஸ்மென்ட் இருக்கிறது. எங்களுக்கு வாசல் மட்டும்தான்.

வேலை நடக்கும் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தோண்டுவார்கள், மூடுவார்கள், கேபிளுக்கு மறுபடி தோண்டுவார்கள். பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டபோது சுற்றுவட்டாரக் கடைகள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால், தீபாவளிக்கு முன் முடிப்போம் என்ற வாக்கு பொங்கலுக்குப் பின் என்று ஆகும். வாடகை நிற்குமா? வேலையாட்கள் சம்பளம் நிற்குமா?

#3 பெடல்

//பாட்டி இருப்பார், கைக்குழந்தை இருக்கும், பன்னிரண்டு பை இருக்கும்//

ஜவுளிக்கடை சார், அதே பாட்டி ரங்கநாதன் தெருவுக்குள் எப்படிப் போகிறார்? அந்தத் தெருவில் பகலில் சைக்கிளைக்கூட உருட்ட முடியாது. யாரும் திட்டம் போட்டு வண்டியைத் தடுக்கவில்லை, கூட்டமே தடுத்துவிட்டது. அங்கே வியாபாரம் படுத்துவிட்டதா?

நான் சைக்கிள் ஓட்டுகிறவன். வேலைக்குப் போவதே அதில்தான். சைக்கிள் என்றாலே ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டி ஈசிஆரில் போகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள் பலருக்கு. விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவர், இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகிறவர், இவர்கள்தான் பெரும்பாலான சைக்கிள்காரர்கள். இதையெல்லாம் விட ஒன்று: நம் அரசே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. சென்னையில் அந்த சைக்கிளை எத்தனை வீட்டில் ரோட்டுக்கு எடுக்க விடுகிறார்கள்? என் அக்கா மகளுடையது படிக்கட்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அவள் ஓட்டத் தெரிந்தவள்தான். அக்காவுக்குத்தான் பயம்.

பாண்டி பஜார் வரைபடத்தில் சைக்கிளுக்கு என்ன இடம் என்று தேடினேன். வாடகை சைக்கிள் ஸ்டாண்டு வைத்தார்கள். ஓட்டுவதற்குத் தனி இடம் இல்லை.

#4 கோடும் ஸ்கேலும்

சாலை வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கோடு பேசலாம்.

சுவருக்குச் சுவர் 18 மீட்டர் உள்ள ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தி.நகரிலும் மாம்பலத்திலும் இப்படி நிறைய உண்டு. இன்றைக்கு அதில் என்ன நடக்கிறது? வரைபடத்தில் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் பிளாட்பாரம், நடுவில் 15 மீட்டர் தார். நிஜத்தில் பிளாட்பாரத்தில் டிரான்ஸ்பார்மர், பில்லர் பாக்ஸ், கடையின் படிக்கட்டு. அதை ஒட்டி டூவீலர் வரிசை, அதை ஒட்டி இரண்டாவது வரிசையாக கார். ஓடுவதற்கு மிஞ்சுவது ஆறு, ஏழு மீட்டர்தான். அதிலேதான் நடப்பவரும் நடக்கிறார்.

மாம்பலத்துக்காரி சொன்னபடி சுவரிலிருந்து அளப்போம். நடைபாதைக்கு ஐஆர்சி (இந்தியச் சாலைப் பேரவை) 103 விதிப்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். கடைத்தெருவில் இன்னும் கூடுதல். பக்கத்துக்கு 3.5 மீட்டர் கொடுப்போம், மொத்தம் 7. அடுத்து மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, தள்ளுவண்டிக் கடை, டூவீலர் பார்க்கிங், சரக்கு இறக்கும் இடம் எல்லாம் மாறி மாறி வரும் ஒரு பட்டை, பக்கத்துக்கு 2.25 மீட்டர், மொத்தம் 4.5. மிச்சம் 6.5 மீட்டர், அதாவது 3.25 மீட்டரில் போக ஒன்று, வர ஒன்று. மாநகரப் பேருந்தும் போகலாம்.

இப்போது கவனியுங்கள். வண்டி ஓடும் அகலம் கிட்டத்தட்ட இன்றைக்கு இருப்பதேதான்! குறைந்தது, ஒழுங்கில்லாமல் நிற்கும் வண்டிகளின் இடம் மட்டுமே.

ரோடு குறுகினால் நெரிசல் கூடும் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. நகரத் தெருவில் எத்தனை வண்டி போக முடியும் என்பதைத் தீர்மானிப்பது சந்திப்பு. நடுவில் நாலு வண்டி அகலத்துக்கு ரோடு இருந்தாலும், சிக்னலில் இரண்டு வண்டிதான் நகரும் என்றால் கூடுதல் அகலத்தால் பயனில்லை. வேகமாகப் போய் சிக்னலில் குவியலாம், அவ்வளவே. இன்னொன்று, நடப்பவர் கடக்கும் நேரம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொண்டால் 15 மீட்டர் ரோட்டைக் கடக்க 12 வினாடிக்கு மேல் ஆகும். மெதுவாக நடக்கும் முதியவருக்கு ஏறக்குறைய 19 வினாடி. 6.5 மீட்டரைக் கடக்க அந்த முதியவருக்கு எட்டு வினாடி போதும். அந்த மிச்ச வினாடிகள் வண்டிகளின் பச்சை விளக்குக்குப் போகும். நடப்பவருக்குக் கொடுப்பதெல்லாம் வண்டியிடமிருந்து பிடுங்கியது என்ற எண்ணம் இந்த இடத்தில் பொய்த்துப் போகிறது.

சைக்கிளுக்கு: 18 மீட்டரில் தனிப் பாதை வைக்கக் கூடாது என்பேன். பெடல் கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன். வைத்தால் நடைபாதையிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் ஒன்றரை மீட்டர்தான் கிடைக்கும், அதில் மறுநாளே டூவீலர் நிற்கும். அதற்குப் பதிலாக வண்டி வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் அடக்கினால் சைக்கிள் ரோட்டிலேயே போகலாம். வேகத்தை அடக்க போர்டு போதாது. குறுகிய ரோடு, இறுக்கமான திருப்பம், நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திய கிராஸிங், இவைதான் அடக்கும்.

#5 ஜவுளிக்கடை

எல்லாம் சரி சார், குட்டி யானை எங்கே நிற்கும்? வாரத்தில் பல நாள் பேல் (துணிப் பொதி) வருகிறது. ஒரு பேலை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும்.

#6 கோடும் ஸ்கேலும்

நான் சொன்ன 2.25 மீட்டர் பட்டையில், ஒவ்வொரு பத்துப் பதினைந்து கடைக்கும் ஓர் இடம் சரக்கு வண்டிக்கென்று ஒதுக்க வேண்டும். காலை பத்து மணி வரை அது சரக்குக்கு. பிறகு ஆட்டோவுக்கும், உங்கள் வேலூர்ப் பாட்டியை இறக்கிவிடுவதற்கும். ஐந்து நிமிடம் இறக்கலாம், வண்டியை அங்கே விட்டுப் போக முடியாது. வேன் போய் அடுக்குமாடிப் பார்க்கிங்கில் நிற்கட்டும், பாட்டி கடை வாசலில் இறங்கட்டும். பாண்டி பஜாருக்காகத் தணிகாசலம் சாலை சந்திப்பில் அடுக்குமாடிப் பார்க்கிங் கட்டினார்கள் அல்லவா, அது மாதிரி ஒன்று நடக்கும் தூரத்தில் தயாரான பிறகுதான் தெருவோரத்து கார்களை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மேடம் சொன்ன பக்கத் தெருப் பிரச்சினை வரும்.

டெல்லி சாந்தினி சவுக்கில் 2021இல் புதுப்பித்த பிறகு காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்கே தடை போட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷா போகலாம். மொத்த வியாபாரத் தெரு அது. சரக்கெல்லாம் இரவில் என்று மாற்றினார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம் என்றாலும், நேரத்தைப் பிரித்துக்கொடுத்தால் ஒரே இடம் இரண்டு மூன்று பேருக்கு உதவும்.

#7 சமதளம்

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். இந்த இழையில் 3.5 மீட்டர், 2.25 மீட்டர் என்று அகலத்தையே பேசுகிறீர்கள். எனக்கு முதலில் உயரம்.

ஐஆர்சி விதிப்படி கெர்ப், அதாவது நடைபாதையின் விளிம்புக் கல், 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊரில் ஒரு அடி உயரம் சாதாரணம். மழைநீர் வடிகாலைக் கட்டி அதன் மேல் ஸ்லாப் போட்டு அதையே பிளாட்பாரம் என்பார்கள். அடுத்து ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் வீடு பள்ளமாகும், வீட்டுக்காரர் கேட் முன் சரிவு போடுவார். இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு நடைபாதை. அதில் காலுள்ளவர்களே நடப்பதில்லை, அதனால்தான் ரோட்டில் நடக்கிறார்கள். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ரோட்டில் ஏன் நடந்தாய் என்று அவர்களைக் கேட்பவர்கள், பிளாட்பாரம் எப்படி இருந்தது என்று கேட்பதில்லை.

சரிவுக் கணக்கு எளிது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டர் கெர்ப் என்றால் 1.8 மீட்டர் சரிவு. 30 சென்டிமீட்டர் என்றால் 3.6 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கு எந்த பிளாட்பாரத்தில் இடம் இருக்கிறது? அதனால் செங்குத்தாக ஒரு சிமென்ட் மேட்டைப் பூசி, மஞ்சள் பெயின்ட் அடித்து, மாற்றுத்திறனாளி வசதி என்று எழுதிவிடுகிறார்கள். அதில் நான் ஏறினால் பின்பக்கமாகச் சாய்வேன்.

பாண்டி பஜாரில் எனக்குப் பிடித்தது, தனியாகப் போக முடிகிறது. யாரும் தள்ள வேண்டியதில்லை. நானே போய் ஒரு கடைக்குமுன் நின்று, வேண்டாம் என்று அடுத்த கடைக்குப் போகிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றது. இது சலுகை அல்ல என்று பேசுவதற்கு இப்போது நமக்கு ஒரு பிடி இருக்கிறது.

#8 டெலிவரி தம்பி

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். டூவீலர்தான் எல்லாத் தப்புக்கும் காரணம் என்கிற மாதிரி போகிறது. நான் உணவு டெலிவரி ஓட்டுகிறவன். ஹோட்டல் வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்த இடம் கிடையாது. பிளாட்பாரத்தில் ஏற்றினால் செக்யூரிட்டி திட்டுகிறார், ரோட்டில் விட்டால் டோ வண்டி தூக்குகிறது, தள்ளி நிறுத்தி நடந்தால் ஆர்டர் லேட். எங்களுக்கென்று ஹோட்டல்கள் பக்கத்தில் நாலு கோடு போட்டு டூவீலர் இடம் கொடுங்கள், நாங்கள் ஏன் பிளாட்பாரத்தில் ஏறப் போகிறோம்?

அப்புறம் ஒன்வே. அரை கிலோமீட்டர் சுற்ற வைத்தால் நூறு பேரில் முப்பது பேர் எதிர்த் திசையில் வருவார்கள். அதையும் வரைபடத்தில் யோசியுங்கள்.

#9 பூக்கடை மகன்

டெலிவரி தம்பி சொன்னது நியாயம்.

நான் வேறொன்று கேட்கிறேன். என் அம்மா நடைபாதையில் பூ விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். தெருவை அழகுபடுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தாலே எங்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. படத்தில் மரம் இருக்கும், பெஞ்ச் இருக்கும், பலூன் பிடித்த குழந்தை இருக்கும். பூக்காரி இருக்க மாட்டார்.

பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013இல் வணிக வளாகத்துக்குள் மாற்றினார்கள். கூரை கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் பூ, கீரை, கொய்யாப்பழம் எல்லாம் மாடி ஏறி வாங்குகிற சாமான் இல்லை அண்ணே. பஸ்ஸுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டால் வாங்குவார்கள். வழியை விட்டுத் தள்ளி வைத்தால் அந்த வியாபாரம் அங்கேயே செத்தது.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாது. இதையெல்லாம் முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோடும் ஸ்கேலும் அண்ணனின் 2.25 மீட்டர் பட்டையில் பூக்கடைக்கு இடம் இருக்கிறது என்று படித்ததும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. அதை வரைபடத்திலேயே கட்டம் போட்டு எண் கொடுத்துக் காட்ட வேண்டும். பேச்சில் இருக்கும் இடம் டெண்டரில் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு ஒன்பதரைக்குக் கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு அந்த நடைபாதையில் தனியாக வரும் பெண்ணுக்குத் தைரியம் கொடுப்பது தெருவிளக்கு மட்டுமில்லை. அங்கே உட்கார்ந்து மிச்சப் பூவைக் கட்டிக்கொண்டிருக்கும் என் அம்மா மாதிரி நாலு பேர்.

#10 மாம்பலத்துக்காரி

//அங்கே உட்கார்ந்து மிச்சப் பூவைக் கட்டிக்கொண்டிருக்கும் என் அம்மா மாதிரி நாலு பேர்//

நூற்றுக்கு நூறு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடக்கிற பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் வெளியே வரத் தொடங்கிய பெண்கள் நிறைய. பஸ் இலவசம், ஆனால் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் உள்ள கால் கிலோமீட்டர்தான் பயமாக இருக்கிறது.

#11 பெடல்

கோடும் ஸ்கேலும் சார், கோபம் எல்லாம் இல்லை. கடைத்தெருவில் 30 வேகம் என்றால் எனக்குத் தனிப் பாதை வேண்டாம். 30இல் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒரு வினாடியையும் சேர்த்துச் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வந்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். கடைத்தெருவில் 13 மீட்டர் என்பது ரெண்டு கடை தூரம். பிழைப்பதற்கு வழியிருக்கிறது.

ஆனால் இந்த வாதத்தைக் காட்டி பெரிய ரோட்டிலும் தட்டிக் கழித்துவிடக் கூடாது. 100 அடி ரோடு, ஓஎம்ஆர் போன்றவற்றில் 60க்கு மேல் ஓடுகிறார்கள். அங்கே தனிப் பாதை வேண்டும், அதுவும் கெர்ப் வைத்து உயர்த்தி. ஓஎம்ஆரில் சைக்கிள் பாதை என்று ஒன்று போட்டிருந்தார்கள். அதில் பார்த்ததெல்லாம் நிறுத்திவைத்த வண்டிகளும் டீக்கடை ஸ்டூல்களும்தான். டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008இல் பஸ் தடத்தோடு சைக்கிள் பாதையும் போட்டார்கள், 5.8 கிலோமீட்டர். கார்க்காரர்களின் எதிர்ப்பு அடங்கவே இல்லை. கடைசியில் 2016இல் பஸ் தடத்தை இடித்தே விட்டார்கள். சைக்கிள்காரர், பஸ் பயணி எல்லாம் எண்ணிக்கையில் அதிகம், குரலில் குறைவு. அதற்காகத்தான் இந்த மாதிரி இழைகளில் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

#12 ஆர்.எஸ்.புரம்

கோவையிலிருந்து. எங்கள் டி.பி. ரோட்டையும் ரேஸ்கோர்ஸையும் ஸ்மார்ட் சிட்டியில் மாடல் ரோடாக மாற்றினார்கள். ரேஸ்கோர்ஸ் ஏற்கெனவே நடைப்பயிற்சி இடம், அதனால் எதிர்ப்பு இல்லை. டி.பி. ரோடு கடைத்தெரு, இங்கே நீங்கள் பேசுவதெல்லாம் அங்கேயும் பேசினார்கள். என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று: வேலை முடிந்த பிறகு கவனிப்பதற்கு ஆளும் பணமும் ஒதுக்காத தெரு சீக்கிரம் கெட்டுவிடுகிறது. ஒரு பேவர் பிளாக் பெயர்ந்தால் அடுத்த மழைக்குள் சுற்றி உள்ளவையும் ஆடும். யாராவது குழாய் பதிக்கத் தோண்டினால் பழையபடி அடுக்க மாட்டார்கள். பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் போட்ட ரோடுகளில் கேபிளுக்கும் குழாய்க்கும் நடைபாதைக்கு அடியிலேயே தனிக் குழாய்த் தடம் போட்டார்கள். செலவு அதிகம் என்று கடுமையான விமர்சனம் வந்தது, ஆனால் தோண்டாமல் வேலை பார்க்க அதுதான் வழி.

#13 ஜவுளிக்கடை

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ரங்கநாதன் தெரு மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது, அங்கே ரயிலே ஆளைக் கொண்டுவந்து இறக்குகிறது. எல்லாத் தெருவுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வியாபாரி சங்கத்தில் நான் எடுத்துச் சொல்லத் தயார். மூன்று உறுதி வேண்டும். பார்க்கிங் முதலில், தோண்டுவது பிறகு. ஆடி முதல் தீபாவளி வரையிலும், தை, மாசி முகூர்த்தங்களிலும் கடை வாசலைத் தோண்டக் கூடாது. தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து போடாமல், நூறு மீட்டர் முடித்துவிட்டு அடுத்த நூறு மீட்டர். இவற்றை டெண்டரில் எழுதுங்கள், கடைக்காரர்களில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வருவார்கள். புனேயில் லட்சுமி ரோட்டில் 2021 முதல் டிசம்பர் 11 அன்று ஒரு நாள் வண்டியை நிறுத்தி நடப்பவர்களுக்கு மட்டும் விடுகிறார்கள் என்று படித்தேன். அது மாதிரி ஒன்றிரண்டு ஞாயிறு சோதித்துப் பார்க்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கல்லாவைப் பார்த்துவிட்டு நாங்களே சொல்கிறோம்.

#14 மாம்பலத்துக்காரி

ஜவுளிக்கடை சார், மிகவும் நன்றி. மூன்றையும் நான் ஆதரிக்கிறேன்.

நான்காவதாக ஒன்று சேர்க்கிறேன். பக்கத் தெருக்களையும் அதே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். கடைத்தெருவில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், பக்கத் தெருவில் இலவசம் என்றால் கார் எங்கே வரும்? குடியிருப்போருக்கு அனுமதி அட்டை, வெளியாருக்குக் கடைத்தெருவை விட அதிகக் கட்டணம். வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தெருவின் பராமரிப்புக்கே போக வேண்டும். கோவை நண்பர் சொன்ன பெயர்ந்த பேவர் பிளாக்கை அதில்தான் சரி செய்ய முடியும்.

பணமில்லை என்ற பேச்சு எடுபடாது. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கையை ஏற்றது, நாட்டிலேயே முதல் மாநகராட்சியாக. போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியதைச் செய்யுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை, புதிதாக எதுவும் கேட்கவில்லை.

#15 கோடும் ஸ்கேலும்

அடுத்த வேலை: பகுதி சபாக் கூட்டம், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டம். 2022 முதல் நகரங்களிலும் இது உண்டு. அங்கே போய் நடைபாதை வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால், ஆவன செய்யப்படும் என்று எழுதிக்கொள்வார்கள். டெண்டர் விடும் முன் குறுக்குவெட்டு வரைபடத்தை, அதாவது தெருவைச் சுவருக்குச் சுவர் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தை, காட்டுங்கள் என்று கேளுங்கள். 20 மீட்டருக்கு ஒரு வெட்டு, அதில் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மர், மரம், கேட், பூக்கடை, சரக்கு இடம் எல்லாம் அளவோடு இருக்க வேண்டும்.

மழைநீரையும் மறந்துவிடாதீர்கள். 2021 நவம்பர் மழையில் தி.நகர் எப்படி நின்றது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத் தெரு முனையில் ரோட்டை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால் அது தண்ணீருக்கு அணையாகும். மேட்டுப் பக்கத்தில் உயர்த்திய இடத்துக்கு முன்பாகவே வடிகால் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் மழையில் ஆறு வீடு மூழ்கும், இரண்டாவது மழைக்குள் அந்த மேட்டை உடைத்துவிடுவார்கள்.

சமதளம் சாரிடம் ஒரு கேள்வி. டூவீலர் ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் தடுப்புத் தூண் வைக்கச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு இடைவெளி விட்டால் உங்களுக்குச் சிரமம் இருக்காது?

#16 சமதளம்

1.2 மீட்டர் விட்டால் நிம்மதியாகப் போவேன். 90 சென்டிமீட்டரில் நேராக வந்தால் போகலாம், திரும்ப முடியாது. அதற்குக் கீழே போனால் கை முட்டி உரசும்.

ஆனால் 90இல் டூவீலரும் நுழையும். என்னைத் தடுக்காமல் அதை மட்டும் தடுக்கும் இடைவெளி கிடையாது. வளைவுக் கம்பி, சுழல் கேட் எல்லாம் வைத்துப் பார்த்த இடங்களில் முதலில் தடுக்கப்பட்டது நான்தான், அப்புறம் தள்ளுவண்டிக் குழந்தை, அப்புறம் மீன் கூடை அம்மா. அதனால் தூணை நம்ப வேண்டாம். டெலிவரி தம்பி கேட்ட டூவீலர் இடத்தைக் கொடுங்கள், ஒன்வேயில் சுற்றும் தூரத்தைக் குறையுங்கள், முதல் ஆறு மாதம் மாலை நேரத்தில் ஒரு காவலரை நிறுத்துங்கள். கார் ஏறாமல் இருக்க 1.2 மீட்டர் இடைவெளியில் தூண் போதும்.

வரைபடம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். கெர்ப் உயரம், சரிவின் நீளம், பக்கத் தெரு முனைகள், இந்த மூன்றையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.

#17 பூக்கடை மகன்

கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்து வருகிறேன். அவர் உட்காரும் இடத்தை அவரே வரைபடத்தில் காட்டட்டும்.